குட்டைக் கால்: டேஷண்டுக்கு அழகு, மாலமூட்டுக்கு வியாதி

நீள உடம்பும் குட்டைக் காலுமா இருக்குமே, அந்த டேஷண்ட் நாய்க்குட்டி வாங்கப்போறேன், என்ன பாத்து வாங்கணும்னு நிறைய பேர் மெசேஜ்ல கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா இங்கயே எழுதிடுறேன். எல்லாரும் கேக்குறது கலரு, சைஸு, கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) வம்சாவளிப் பேப்பர் இருக்கா, விலை என்ன, இவ்ளோதான். குட்டியோட அப்பா அம்மாக்கு முதுகு எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்ல. நான் இன்னிக்கு எழுதப்போறது முழுக்க அதைப் பத்திதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ண நேராவே சொல்லிடுறேன். டேஷண்டோட அந்தக் குட்டைக் கால் இருக்கே, அது பரம்பரையா வர்ற ஒரு எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. இத சொன்னா டேஷண்ட் வளக்குறவங்களுக்குக் கோவம் வரும், எங்க வீட்லயும் ஒரு டேஷண்ட் இருக்கா, பேரு ஜூலி, அவ மேல எனக்கு உசுரு, ஆனா உண்மை அதுதான். அந்தக் குறைபாட்டையே இவ்ளோ தலைமுறையா தேடித்தேடி இனம் சேத்து ஒரு இனத்தோட அடையாளமா ஆக்கிட்டாங்க.

கால் எலும்பு எப்படி நீளமாகுதுன்னு பாத்தா இது புரியும். குட்டியா இருக்கும்போது நீள எலும்போட ரெண்டு முனை பக்கத்துலயும் ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும், டாக்டருங்க குரோத் பிளேட்னு சொல்வாங்க, அதுல இருக்கிற செல்லுங்க வரிசையா பெருகி, பெருசாகி, அப்புறம் எலும்பா மாறும், அப்படித்தான் கால் நீளுது. டேஷண்டுக்கு இந்த வேலை பாதியிலயே மந்தமாயிடுது. காரணம் எஃப்ஜிஎஃப்4னு ஒரு ஜீன். எல்லா நாய்க்கும் அந்த ஜீன் இருக்கு, ஆனா டேஷண்டுக்கு அதோட ஒரு நகல் தப்பான இடத்துல போய் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனால எங்க வேணாமோ அங்க, எப்ப வேணாமோ அப்ப அந்த சிக்னல் போகுது, குருத்தெலும்பு செல்லுங்க வளர்றத நிறுத்திடுதுங்க. 2009-ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஹெச்ல எலைன் ஆஸ்ட்ரேண்டரோட குழு இத கண்டுபிடிச்சாங்க, 18-ஆவது குரோமோசோம்ல இருக்கு அந்த நகல். டேஷண்ட், கார்கி, பேசட் ஹவுண்ட்னு குட்டைக் கால் இனங்கள்ல எல்லாம் அதே நகல்தான், அப்படின்னா எப்பவோ ஒரே ஒரு நாய்கிட்ட ஒருதடவை நடந்த விபத்துதான் இத்தனை இனத்துக்கும் பரவியிருக்கு. எனக்கு இத முதல்ல படிச்சப்ப நம்பவே முடியல.

கதை அதோட முடியல. 2017-ல கலிபோர்னியா யூனிவர்சிட்டி டேவிஸ்ல டானிகா பன்னாஷோட குழு இன்னொரு நகலையும் கண்டுபிடிச்சாங்க, இது 12-ஆவது குரோமோசோம்ல. இதுவும் கால குட்டையாக்கும், ஆனா கூடவே முதுகு டிஸ்க்கையும் கெடுக்கும். பெரும்பாலான டேஷண்டுக்கு இந்த ரெண்டு நகலுமே இருக்கு. இந்த ரெண்டையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவேன்.

இப்ப மாலமூட் பக்கம் போவோம், ஏன்னா எனக்கு இந்த விஷயம் மண்டையில ஏறினதே அந்த நாயப் பத்தி படிச்சப்பதான். அலாஸ்கன் மாலமூட், பனில சறுக்கு வண்டி இழுக்குற நாய், பாக்க ஹஸ்கி மாதிரி இருந்தாலும் அதவிட நல்லா பெரிய உடம்பு, ஆண் நாய் சாதாரணமா முப்பத்தஞ்சு நாப்பது கிலோ வரும். இந்த இனத்துல திடீர்னு சில ஈத்துல முன்னங்கால் வளைஞ்சு, உடம்பு பெருசா கால் மட்டும் குட்டையா குட்டிங்க பொறக்க ஆரம்பிச்சுது. அப்பாவும் அம்மாவும் அம்சமா நேரா நிப்பாங்க, ஷோல பரிசு வாங்கினவங்களாக்கூட இருப்பாங்க, குட்டி மட்டும் இப்படி. கனடால ஒன்டாரியோ வெட்டினரி காலேஜ்ல 1970-களோட ஆரம்பத்துல இத ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு கெட்ட ஜீனும் சேந்தாதான் குட்டி குள்ளமாகும், ஒண்ணு மட்டும் இருந்தா வெளியில ஒண்ணுமே தெரியாது, அதத்தான் கேரியர்னு சொல்றோம். அந்தக் குள்ளக் குட்டிங்களுக்கு ரத்தத்துலயும் கோளாறு இருந்துச்சு, சிவப்பணு சீக்கிரம் உடைஞ்சு லேசா ரத்தசோகை வரும்.

மாலமூட் கிளப்காரங்க இதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா. அப்ப டிஎன்ஏ டெஸ்ட்டெல்லாம் கிடையாது. அதனால சந்தேகமா இருக்கிற நல்ல நாய ஒரு குள்ள நாயோட இனம் சேத்துப் பாத்தாங்க. நல்ல நாய் கேரியரா இருந்தா பொறக்குற குட்டில பாதி குள்ளமா வரணும். ஆறு குட்டி பொறந்து ஆறும் நேரா இருந்தா, கேரியர் தப்பிச்சு வந்திருக்க வாய்ப்பு 64-ல ஒண்ணுதான். குட்டிங்க சில வாரம் ஆனதும் முன்னங்கால எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டு பக்கம் எலும்பு முனை எப்படி இருக்குன்னு பாத்து முடிவு பண்ணுவாங்க. அதுல பாஸான நாய்க்குத்தான் சர்டிபிகேட். அந்தச் சோதனைக்காகவே எத்தனையோ குள்ளக் குட்டிங்க பொறந்திருக்கும், அது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு, ஆனாலும் தங்களோட இனத்துல ஒரு வியாதி இருக்குன்னு ஒத்துக்கிட்டு, அத மறைக்காம, சொந்த நாய டெஸ்டுக்கு விட்டாங்க பாருங்க, அந்த மனசு பெரிய மனசு.

இப்ப சொல்லுங்க, மாலமூட்ல ஒரு குட்டிக்கு முன்னங்கால் குட்டையா வளைஞ்சு இருந்தா அது வியாதி, ஒரு கிளப்பே சேந்து விரட்டுது. டேஷண்ட்ல அதே மாதிரி குருத்தெலும்பு சரியா வளராம போனா அதுக்குப் பேரு பிரீட் ஸ்டாண்டர்டு, அதாவது அந்த இனம் இப்படித்தான் இருக்கணும்ங்கிற அளவுகோல், கால் நீளமா பொறந்த குட்டிக்குத்தான் மார்க் குறையும். ஜீன் வேற வேறதான், ஒத்துக்கறேன், ஆனா எத வியாதின்னு சொல்றோம் எத அழகுன்னு சொல்றோம்ங்கிறது நாம முடிவு பண்றது, நாய கேட்டுப் பண்ணல.

ஜெர்மனிக்காரங்களுக்கு டேஷண்ட்னா தனிப் பெருமை. வளை தோண்டி வாழ்ற பேட்ஜர்ங்கிற மிருகத்த மண்ணுக்குள்ள போய் துரத்துறதுக்குன்னு வேட்டைக்காரங்க உருவாக்கின நாய், 1888-லயே அதுக்குன்னு தனி கிளப் வந்துடுச்சு, 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸோட சின்னமே வால்டின்னு ஒரு கலர்கலரான டேஷண்ட்தான். அங்கயே 2024-ல மிருக நலச் சட்டத்த திருத்த ஒரு வரைவு வந்துச்சு, எலும்புக் குறையோட பொறக்கிற மாதிரி இனம் சேக்குறதுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரணும்னு, உடனே நாய் வளக்குறவங்களோட கென்னல் சங்கம் இப்படிப் போனா டேஷண்ட் இனமே இல்லாம போயிடும்னு எதிர்த்துக் கிளம்பினாங்க, எந்த இனத்தையும் தடை பண்றது எங்க நோக்கம் இல்லன்னு அமைச்சகம் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது. டேஷண்ட் இல்லாத உலகம் எனக்கு வேணாம். ஆனா முதுகு உடையாத டேஷண்ட் வேணும்.

சரி முதுகுக்கு வருவோம். முதுகெலும்புல ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவுல ஒரு டிஸ்க் இருக்கும், வெளியில நாரு மாதிரி வளையம், உள்ள வழவழன்னு ஒரு கூழ். நல்ல இள நுங்கு எப்படி கொழகொழன்னு அமுங்கிக் கொடுக்குமோ அப்படித்தான் குட்டி நாயோட டிஸ்க். சாதாரண நாய்க்கு அது வயசாகிற வரைக்கும் அப்படியே இருக்கும். டேஷண்டுக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ளயே அந்த நுங்கு முத்திப்போக ஆரம்பிச்சிடுது, தண்ணி வத்தி, சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிடுது. கெட்டியானது அமுங்காது, அதனால ஒருநாள் வெளி வளையத்தக் கிழிச்சுக்கிட்டு மேல இருக்கிற தண்டுவடத்துல போய் அடிக்கும். அடிச்ச வேகத்தயும் அளவயும் பொறுத்து வெறும் வலியோட போகலாம், தள்ளாடலாம், பின்னங்கால் ரெண்டும் மொத்தமா விழுந்துடலாம். 1950-களோட தொடக்கத்துலயே ஹான்சென்னு ஒரு ஸ்வீடன் டாக்டர் இத வகை பிரிச்சு எழுதிட்டார், இன்னிக்கும் டாக்டருங்க ஹான்சென் டைப் ஒன்னுன்னுதான் சொல்றாங்க. டேஷண்ட்ல ஏறக்குறைய நாலஞ்சுல ஒண்ணுக்கு வாழ்நாள்ல எப்பவாவது இந்தப் பிரச்சினை வருது, பெரும்பாலும் மூணுலேர்ந்து ஏழு வயசுக்குள்ள, அதாவது நல்லா ஓடியாடுற வயசுல.

ஜூலிக்கும் வந்துச்சு. காலையில வாசப்படி இறங்கமாட்டேன்னு நின்னா, முதுகு வில்லா வளைஞ்சிருக்கு, வயித்தத் தொட்டா கல்லு மாதிரி இறுக்கி வச்சிருக்கா, தூக்கப்போனா கத்துறா. பின்னாடி நடை ஒரு மாதிரி, நகம் தரையில உரசுற சத்தம் கேக்குது. டாக்டர் டேபிள் மேல நிக்க வச்சு ஒரு வேலை பண்ணார், பின்னங்கால் பாதத்த மடக்கி மேல்பக்கம் தரையில படுற மாதிரி வச்சார். நல்ல நாய் டக்குனு பாதத்த திருப்பி வச்சுக்கும். ஜூலி அப்படியே நின்னா, கொஞ்ச நேரம் கழிச்சுதான் திருப்பினா. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அப்புறம் விரல ஒரு ஃபோர்செப்ஸால அழுத்தினார், அவ திரும்பிப் பாத்துக் கத்தினா. டாக்டர் "நல்லதுங்க, வலி தெரியுது"ன்னார். எனக்குப் புரியல, வலிக்குதுன்னா எப்படி நல்லதுன்னு கேட்டேன். கால இழுத்துக்கிறது மட்டும் போதாதுங்க, அது தானா நடக்கிறது, தலையத் திருப்பணும் இல்ல கத்தணும், அப்பத்தான் சேதி மூளை வரைக்கும் போகுதுன்னு அர்த்தம்னு சொன்னார். அந்த ஆழமான வலி உணர்வு இருக்கிற நாய்ங்கள்ல பெரும்பாலானது ஆபரேஷன் பண்ணா திரும்ப நடந்துடும், அது போயிட்டா ஆபரேஷன் பண்ணாலும் பாதிக்குப் பாதிதான். அதனால பின்னங்கால இழுத்துக்கிட்டு வருதுன்னு பாத்தா நாளைக்கிப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே கிளம்புங்க.

ஜூலிக்கு ஆபரேஷன் இல்லாமயே சரியாச்சு, கேஜ் ரெஸ்ட்ல. கேஜ் ரெஸ்ட்னா உண்மையிலயே கேஜ், திரும்பிப் படுக்குற அளவுக்கு இடம், குறைஞ்சது நாலு வாரம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும் பெல்ட் போட்டு வெளிய தூக்கிட்டுப் போகணும். பாவமேன்னு நடுவுல திறந்து விட்டா போச்சு, மருந்துல வலி கொறஞ்சதும் அதுக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு தோணும், சோஃபால ஏறும், கிழிஞ்ச வளையம் இன்னும் ஆறியிருக்காது. இங்க இன்னொண்ணு, தயவுசெஞ்சு வீட்ல இருக்கிற நம்ம வலி மாத்திரைய உடைச்சுக் கொடுக்காதீங்க, ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். நாய்க்குன்னே இருக்கிற வலி மருந்தாவே இருந்தாலும் ஸ்டீராய்டும் அதுவும் சேந்து போகக்கூடாது, வயித்துல ஓட்டையே விழலாம், ஒரு டாக்டர்கிட்டேர்ந்து இன்னொரு டாக்டர்கிட்ட போனீங்கன்னா முதல் டாக்டர் என்ன ஊசி போட்டார்னு கட்டாயம் சொல்லுங்க.

இந்தக் கால் வளைவுக்கு ஆளாளுக்கு சொல்ற வைத்தியம் வேற இருக்கு. எதிர்வீட்டு மாமா ஜூலி குட்டியா இருந்தப்பவே "கால்சியம் டானிக் ஊத்தும்மா, கால் நேராயிடும்"னார். அன்பாத்தான் சொன்னார். ஆனா ஜீன்ல வந்த குட்டைக் காலுக்கு எவ்ளோ கால்சியம் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்காக வளைஞ்ச காலெல்லாம் பரம்பரைன்னும் சொல்லிட முடியாது, வெறும் சோறும் எலும்பில்லாத கறியுமா போட்டு வளக்குற குட்டிக்கு கால்சியம் பத்தாம எலும்பு மெலிஞ்சு வளையும், அது சாப்பாட்ட மாத்தினா சரியாகுற விஷயம், அத விட்டுடக்கூடாது. கிரேட் டேன் மாதிரி பெரிய இனக் குட்டிங்களுக்கோ நேர்மாறு, அதுங்க உடம்புக்கு அதிகப்படி கால்சியத்த உறிஞ்சாம தடுக்கத் தெரியாது, டானிக் ஊத்தி ஊத்தி எலும்பு கெட்டுப்போகும். எது எதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, எக்ஸ்ரேதான்.

மத்த இனத்த பத்தியும் சுருக்கமா சொல்லிடுறேன், நம்ம ஊர்ல அதிகமா இருக்கிறது லேப்ரடார்தானே. வேலைக்குன்னு வளக்குற லேப்ரடார் வம்சத்துல உடம்பு சரியா இருந்து கால் மட்டும் கொஞ்சம் குட்டையா வர்ற ஒரு குறைபாடு இருக்கு, 2013-ல ஸ்விட்சர்லாந்து பெர்ன்ல அதுக்கான ஜீன கண்டுபிடிச்சாங்க, லேசா இருக்கிறதால நிறைய பேருக்கு குள்ளமான லேப்னுதான் தோணும், வியாதின்னே தெரியாது. அதே லேப்ல இன்னொரு குள்ளம் இருக்கு, அது கண்ணையும் சேத்துக் கெடுக்கும், சமோயிட்னு இன்னொரு இனத்துலயும் அதே மாதிரி ஒண்ணு. நார்வீஜியன் எல்க்ஹவுண்ட் இனத்தோட குள்ளத்துக்கான ஜீன 2013-ல ஃபின்லாந்து ஹெல்சிங்கில கண்டுபிடிச்சாங்க. ஜெர்மன் ஷெப்பர்டுல வர்றது வேற ரகம், அங்க எலும்புல கோளாறு இல்ல, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி சரியா உருவாகாம வளர்ச்சி ஹார்மோனே வராது, அதனால மொத்த உடம்பும் சின்னதாவே நின்னுடும், குட்டியோட பஞ்சு முடி மாறாம இருக்கும். இன்ஸ்டாகிராம்ல "வளரவே வளராத ஷெப்பர்டு"ன்னு லட்சக்கணக்குல லைக் வாங்குற வீடியோல இருக்கிறது பெரும்பாலும் அந்த வியாதி வந்த நாய்தான், வைத்தியம் பாக்கலன்னா அதோட ஆயுசு ரொம்பக் குறைவு. இதுக்கெல்லாம் டிஎன்ஏ டெஸ்ட் வந்துடுச்சு, கேரியரும் கேரியரும் சேராம பாத்துக்கிட்டாலே அடுத்த ஈத்துலேர்ந்து குள்ளக் குட்டி பொறக்காது.

டேஷண்டுக்குத்தான் அந்த வழி அடைச்சுப்போச்சு. அங்கதான் நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன 12-ஆவது குரோமோசோம் வருது. வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், கெய்ர்ன் டெரியர் இதுங்களுக்கு 18-ஆவது குரோமோசோம்ல இருக்கிற நகல் மட்டும்தான், கால் குட்டை ஆனா டிஸ்க் தொல்லை அவ்ளோவா கிடையாது. பீகிளுக்கும் காக்கர் ஸ்பானியலுக்கும் நேர்மாறு, 12-ஆவது குரோமோசோம் நகல் மட்டும் இருக்கு, கால் அப்படி ஒண்ணும் குட்டையா தெரியாது ஆனா டிஸ்க் போகும். ஆக குட்டைக் காலும் முதுகு வியாதியும் ஒட்டிப் பொறந்தது இல்ல, பிரிக்க முடியும். டேஷண்ட்ல மட்டும் பெரும்பாலான நாய்க்கு 12-ஆவது குரோமோசோம் நகல் அப்பா வழி ஒண்ணு அம்மா வழி ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டா இருக்கு, இல்லாத நாய்தான் அபூர்வம், அப்ப டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து யாரத் தேர்ந்தெடுக்குறது? அதனால உங்ககிட்ட யாராவது "டிஎன்ஏ டெஸ்ட் பண்ண டேஷண்ட் சார்"னு அதிக விலை சொன்னா முதுகு விஷயத்துல அந்த பேப்பருக்குப் பெரிய மதிப்பு இல்ல.

அதுக்கு டென்மார்க், ஃபின்லாந்து மாதிரி நாடுங்கள்ல கண்டுபிடிச்ச வழி எக்ஸ்ரே. பெரும்பாலான டேஷண்டுக்கு ஜீன் ஒண்ணா இருந்தாலும் சுண்ணாம்பு படியிற அளவு நாய்க்கு நாய் வித்தியாசப்படுது, அதுவும் வம்சத்துல பெருமளவு இறங்குது. அதனால ரெண்டு வயசு முடிஞ்சு நாலு வயசுக்குள்ள, மயக்கம் கொடுத்து, கழுத்துலேர்ந்து வால் அடி வரைக்கும் பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுக்கிறாங்க. சாதாரண டிஸ்க் எக்ஸ்ரேல தெரியவே தெரியாது, வெறும் இடைவெளியாத்தான் இருக்கும், சுண்ணாம்பு படிஞ்ச டிஸ்க் மட்டும் அந்த இடைவெளில வெள்ளையா தெரியும். அத எண்ணுறாங்க. ஃபின்லாந்து கணக்குல ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், ஒண்ணு ரெண்டுன்னா கிரேடு 1, மூணு நாலுன்னா கிரேடு 2, அஞ்சும் அதுக்கு மேலயும் கிரேடு 3. கிரேடு 3 நாய இனத்துக்கு விடாதீங்கன்னு சொல்றாங்க. இங்கிலாந்துலயும் இதே மாதிரி கிரேடு போட ஆரம்பிச்சுட்டாங்க. ஏன் அந்த வயசுன்னா அதுக்கு முன்னாடி முழுசா படிஞ்சிருக்காது, ரொம்பப் பின்னாடி போனா படிஞ்சது கரைஞ்சு மறைஞ்சுகூடப் போகும், பாக்க சுத்தமான முதுகு மாதிரி ஏமாத்தும்.

நம்ம ஊர்ல இது முடியாதான்னா தாராளமா முடியும். பெரிய ஊருங்கள்ல இப்ப டிஜிட்டல் எக்ஸ்ரே கிடைக்குது. முடியாம இருக்கிறது வேற, பெட்டைய ஒரு வயசு தாண்டுனதும் இனத்துக்கு விட்டுடுறாங்க, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்க மனசு இல்ல, அந்தப் பெட்டைக்கு அஞ்சு வயசுல முதுகு போகும்போது அதோட குட்டிங்க இருபது வீட்ல இருக்கும், அதுல சிலது மறுபடி குட்டி போட்டிருக்கும். நான் ஜூலிய வாங்கின இடத்துல அவளோட அம்மாவப் பத்திக் கேக்க போன் பண்ணேன், அம்மாவுக்கும் கால் விழுந்து யாருக்கோ கொடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுது, அதே ஜோடில இன்னொரு ஈத்து எடுத்து வித்தும் முடிச்சிருந்தாங்க. எனக்கு அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

வாங்கப்போறவங்க தயவுசெஞ்சு இத கேளுங்க. அப்பா அம்மா ரெண்டுக்கும் இப்ப என்ன வயசு, ரெண்டு வயசு தாண்டினதுக்கப்புறம் முதுகு எக்ஸ்ரே எடுத்திருக்கா, எடுத்திருந்தா பிலிம காட்டுங்க. தாத்தா பாட்டி நாய் உயிரோட இருக்கா, நல்லா நடக்குதா, நேர்ல பாக்கலாமா. அஞ்சாறு வயசுல துள்ளிக்கிட்டு இருக்கிற அம்மா நாயோட குட்டி கிடைச்சா அதுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் அதிகம் கொடுத்தாலும் தப்பே இல்ல. நெஞ்சு தரைய உரசுற அளவுக்குத் தாழ்வா, முதுகு ரொம்ப நீளமா இருக்கிற ஜோடிய ஷோ குவாலிட்டின்னு காட்டுவாங்க, அத விட்டுட்டு கொஞ்சம் காலு எழும்பி முதுகு கச்சிதமா இருக்கிற ஜோடியப் பாருங்க.

ஏற்கனவே வீட்ல டேஷண்ட் இருக்கிறவங்க எடைய மட்டும் ஏற விடாதீங்க, மேல தடவுனா விலா எலும்பு கையில தட்டுப்படணும். முதுகு போயிடும்னு பயந்து நடக்கவே விடாம மடியில வச்சுக்கிறதும் வேணாம், இங்கிலாந்துல 2015-ல 2000-க்கு மேல டேஷண்டுங்கள வச்சு எடுத்த சர்வேல குறைவா நடக்கிற நாய்ங்களுக்குத்தான் டிஸ்க் பிரச்சினை அதிகமா இருந்துச்சு. கழுத்துப் பட்டைக்குப் பதிலா ஹார்னஸ், தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு ஒரு கை பின்பக்கத்துக்கு, குழந்தைங்ககிட்டயும் அப்படியே சொல்லிக்கொடுங்க. உங்க நாய்க்கு ரெண்டு வயசு தாண்டி, எக்ஸ்ரே எடுத்து வச்சிருந்தீங்கன்னா எத்தனை டிஸ்க்ல வெள்ளை தெரியுதுன்னு எனக்கு அனுப்புங்க, எந்த ஊர்ல எந்த வம்சம் நல்லா இருக்குன்னு ஒரு பட்டியல் சேத்துக்கிட்டு இருக்கேன்.